இரண்டு ரோட்டுக்கும் மூன்றாம் மாடி

அன்புக் கண்ணுக்கு,

முதலில் என்னைப் பொறுத்துக்கொள். தினமும் போனில் பேசுகிற பிள்ளைக்குக் கடிதம் எழுதுவது கொஞ்சம் அதிகப்படிதான். என்ன செய்வது, போனில் நீ "வேற என்னம்மா விசேஷம்?" என்று கேட்டவுடன் நாக்கு நுனியில் இருப்பதெல்லாம் உள்ளே போய்விடுகிறது. "ஒண்ணுமில்ல கண்ணு, சாப்ட்டியா?" என்று கேட்டு வைத்துவிடுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உன் அப்பா, "ஏம்புள்ள, இன்னிக்காவது கேட்டயா?" என்கிறார். இல்லை என்று தலையாட்டுகிறேன். "நாந்தான் கேக்கட்டுமா?" என்கிறார். ஐயோ வேண்டாம் என்று போனைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறேன். இது ஒரு வாரமாக நடக்கிறது. அதனால் இன்று சமைத்து முடித்த கையோடு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மழை பெய்கிறது, கரண்டு இல்லை, தொந்தரவு செய்ய யாரும் வரமாட்டார்கள்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை நம் வட்டாரத்துக் கணக்கு ஆசிரியர்கள் நாற்பது பேருக்கு முன்னால் நான் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்கிறார்கள். மாடிப்படிகளை வைத்துக் கணக்குச் சொல்லித்தரும் பாடம். சரியா இல்லையா என்று இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். சரி என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. வாயைத் திறந்தால் இல்லை என்றுதான் வரும்போல் இருக்கிறது. இதில் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதைக் கடைசியில் எழுதுகிறேன். கடைசித் தாளை முதலில் புரட்டாதே. நீ புரட்டுவாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

இந்தப் படி விவகாரத்துக்கு ஆரம்பம் நீதான். நம் வீடு எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரோட்டிலிருந்து கதவைத் திறந்தால் முன்னறை, அதற்குக் கீழே சமையலறை, அதற்கும் கீழே நாம் படுக்கும் அறை, அதன் கதவைத் திறந்தால் கேரட் பாத்தி. சரிவில் கட்டிய வீட்டில் எல்லாமே ரோட்டிலிருந்து கீழேதான் போகும். உன் பள்ளிக்கூடத்துக்கு மாடி கிடையாது. ஆகவே பதினெட்டு வயதில் சென்னைக் கல்லூரி விடுதியில் "ரெண்டாவது மாடி" என்று சாவியைக் கொடுத்தபோது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ இரண்டு மாடி கீழே இறங்கிப் போய் நின்றாய். அங்கே வரிசையாகக் கார்கள். காவல்காரர், "தம்பி, இங்க வண்டிங்கதான் தங்கும், பசங்க மேல தங்குவாங்க" என்றார் என்று நீ போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மறுநாள் எங்கள் பள்ளியில் ஆசிரியர் அறை முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அதற்குப் பிறகு யார் வீட்டுக் குழந்தை வழி தவறினாலும் "கார் ஷெட்டுக்குப் போயிட்டானா?" என்று கேட்பது எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது. உன்னிடம் இதை இத்தனை நாளாகச் சொல்லவில்லை.

போன மாதம் எனக்கும் அதே மாதிரி ஒன்று நடந்தது. ஏழாம் வகுப்புக்கு முழுக்கள் பாடம். பிள்ளைகள் குறை எண் என்றால் முன்னால் ஒரு கோடு போட வேண்டும் என்று மட்டும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஐந்திலிருந்து ஏழு போனால் என்ன என்று கேட்டால் "போகாது டீச்சர்" என்கிறார்கள். குன்னூரில் கீழ் ரோட்டுக்கும் மேல் ரோட்டுக்கும் நடுவில் சரிவை ஒட்டி நிற்கும் அந்த உயரமான கட்டடம் நினைவிருக்கிறதா, கீழே செருப்புக் கடை, மேலே பல் டாக்டர்? கீழ் ரோட்டிலிருந்து ஆறு மாடி ஏறினால் மேல் ரோட்டு வாசலுக்கு வந்துவிடலாம். இரண்டு ரோட்டிலும் வாசல் உள்ள கட்டடம். ஏறுவது கூட்டல், இறங்குவது கழித்தல் என்று காலால் நடந்தே புரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். எங்கள் தலைமை ஆசிரியை, "கூட்டீட்டுப் போங்க டீச்சர், ஆனா எண்ணிக் கூட்டீட்டுப் போயி எண்ணிக் கூட்டீட்டு வாங்க" என்று அனுமதி கொடுத்தார். முப்பது பிள்ளைகள். துணைக்குத் தமிழ் நடத்தும் சாந்தி டீச்சர். பாதிப் பேரை அவர் மேல் ரோட்டு வாசல் வழியாகக் கூட்டி வருவது, மீதிப் பேரை நான் கீழ் ரோட்டு வாசல் வழியாகக் கூட்டிப் போவது, எல்லோரும் இரண்டாம் மாடியில் சந்திப்பது. இதுதான் என் திட்டம். எழுதும்போதே உனக்குப் புரிந்திருக்கும். எனக்கு அன்று புரியவில்லை.

நான் என் பிள்ளைகளோடு இரண்டு மாடி ஏறி நின்றேன். யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு சாந்தி டீச்சரைப் போனில் கூப்பிட்டேன்.

"எங்கீங்க டீச்சர் இருக்கீங்க?"

"ரெண்டாவது மாடியிலதானுங்க. நீங்க எங்க?"

"நானும் ரெண்டாவது மாடியிலதானுங்க நிக்கறேன்."

"எங்கீங்க நிக்கறீங்க? இங்க நாங்க மட்டுந்தான் இருக்கறம். பல் டாக்டரூட்டு ஆளுக வேற யாருக்குங்க பல்லுவலின்னு கேக்கறாங்க."

"நல்லாப் பாருங்க டீச்சர், படிக்கட்டுக்கு நேரா."

"படிக்கட்டுக்கு நேராத்தானுங்க. நீங்க பேசறது போன்லயும் கேக்குது, எங்கியோ கீழருந்தும் கேக்குது. ஏனுங்க டீச்சர், கார் ஷெட்டுக்குப் போயிட்டீங்களா?"

பிள்ளைகள் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு மாடி மேலே பதினைந்து தலைகள் எங்களை எட்டிப் பார்த்தன. மேல் ரோட்டிலிருந்து வந்தவர்கள் நம் வீட்டில் இறங்குவதுபோல இரண்டு மாடி இறங்கி நின்றிருந்தார்கள். சமவெளியில் எந்த ஆசிரியைக்கும் இந்தத் தவறு செய்ய வாய்ப்பே கிடையாது, அங்கே இரண்டாம் மாடி ஒன்றுதான். "நீங்கதான் தப்பான மாடில நிக்கறீங்க" என்று கீழே இருந்தவர்கள் கத்தினார்கள். "போங்கடா, நீங்கதான் ஏறி வந்தீங்க, மாடிக்கு எறங்கித்தான் போவாங்க" என்று மேலே இருந்தவர்கள் கத்தினார்கள். சாவிக்கொத்தோடு ஓடிவந்த காவல்காரர், "ஏனுங்க டீச்சரம்மா, இது சந்தையா கட்டடமா?" என்று என்னைப் பார்த்தார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஓடி ஒளிய இடமிருந்தால் போயிருப்பேன்.

அப்போது ரம்யா என்று ஒரு பெண், வகுப்பில் அதிகம் பேசாதவள், ஒரு மாடி ஏறிப் போய் நின்றுகொண்டாள். "டீச்சர், இங்க வந்தா கீழருந்தும் மூணாவது, மேலருந்தும் மூணாவதுங்க. மூணாவது மாடின்னு சொல்லியிருந்தா எல்லாரும் சேந்திருப்போம்" என்றாள். எண்ணிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அந்தக் கட்டடத்தில் இரண்டு ரோட்டுக்கும் ஒரே பேர் உள்ள மாடி அது ஒன்றுதான். "அப்ப நீ நிக்கற எடத்துக்குச் சைபர்னு பேர் வெச்சா மத்தவங்கெல்லாம் எத்தனையாவது?" என்று கேட்டேன். ஒரு நொடிதான். மேலே இருந்தவர்கள் "ஒண்ணு!" என்று கத்தினார்கள். கீழே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு மெதுவாக "குறை ஒண்ணுங்க" என்றார்கள். கரும்பலகையில் நான் இரண்டு வாரம் கோடு போட்டும் வராதது படிக்கட்டில் வந்துவிட்டது. சைபரை எங்கே வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது என்று அவர்களுக்கு அன்று தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அன்றுதான் நன்றாகத் தெரிந்தது.

அதோடு வந்திருந்தால் நல்ல பெயரோடு வந்திருப்பேன். உற்சாகத்தில் இன்னொரு கணக்கும் போட்டேன். கீழ் ரோட்டிலிருந்து எண்ணும் வழக்கத்துக்கே எல்லோரும் வந்த பிறகு, "முதல் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்கு ஏற ஒரு நிமிஷம் ஆச்சுன்னா, முதல் மாடியிலிருந்து ஆறாம் மாடிக்கு எத்தனை நிமிஷம்?" என்று கேட்டேன். "ரெண்டு!" என்று கட்டடமே அதிரக் கத்தினார்கள். எனக்கும் இரண்டு என்றுதான் மனதில் பட்டது. மூன்றுக்கு ஒன்று, ஆறுக்கு இரண்டு. "சரி" என்று தலையாட்டிவிட்டேன். கவின் என்ற பையன் விடவில்லை. "ஓடிப் பாத்தரலாங்களா?" என்றான். கையில் கடிகாரத்தோடு ஒருவன், கூட நான்கு பேர், ஒரே வேகத்தில் ஏற வேண்டும் என்று பேச்சு. முதல் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்குச் சரியாக ஒரு நிமிடத்தில் போனார்கள். ஆறாம் மாடியைத் தொட்டபோது இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. "ரெண்டரைக்கு மேல ஆனது மூச்சு வாங்குனதுக்குங்க, அந்த அரை எதுக்குங்க டீச்சர்?" என்று கவின் மேலிருந்து கேட்டான். முதல் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்கு ஏற வேண்டியது இரண்டு மாடிதான், மூன்று இல்லை. ஆறாம் மாடிக்கு ஐந்து, அதற்கு இரண்டரை நிமிடம். மாடிகளை எண்ணினோமே தவிர நடுவில் ஏறும் படிகளை எண்ணவில்லை. "நானுந்தான் தப்பாச் சொன்னேன்" என்றேன். முப்பது பேரும் கை தட்டினார்கள். நான் சரியாகச் சொன்ன எந்த நாளிலும் அவர்கள் கை தட்டியதில்லை.

பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லி, வீட்டுக்காரர்கள் ஊரில் சொல்லி, பேச்சு கல்வி அலுவலகம்வரை போய்விட்டது. தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். திட்டு வாங்கத்தான் போகிறேன் என்று நினைத்தேன். "நாப்பது டீச்சருங்களுக்கு அதே கட்டடத்துல நடத்திக் காட்டச் சொல்றாங்க" என்றார்.

"எனக்குத் தலைவலிங்க டீச்சர்" என்றேன்.

"அடுத்த மாசத்துக்கா?" என்றார்.

அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் அறைக்கு வந்து தண்ணீர் குடித்தேன். பிள்ளைகள் முன்னால் எனக்குக் கூச்சம் கிடையாது. பெரியவர்கள் நான்கு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் எங்கே ஒளியலாம் என்று தேடுவேன். உனக்குத் தெரிந்ததுதான். உன் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் உன் பேராசிரியர் வந்து பேசியபோது நான் உன் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். உன் அப்பா, தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டுகிறவர், அவரோடு டீசல் விலையைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார்.

பயம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் அம்மாவும் அப்பாவும் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்கள். ஊட்டியில் கல்லூரிக்குப் போனபோது, என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை. தப்பாக ஒன்று சொன்னால் என்னை மட்டும் சொல்ல மாட்டார்கள், எஸ்டேட்டையே சேர்த்துச் சொல்வார்கள் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். படித்த காலம் முழுவதும் ஒரு சந்தேகம் கேட்டதில்லை. இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே கல்யாணம், அடுத்த ஆண்டு நீ. விட்டுப்போன தேர்வுகளை நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போதுதான் தபால் வழியில் எழுதி முடித்தேன். அந்த ஓர் ஆண்டுதான் நான் உண்மையில் கணக்குப் படித்த ஆண்டு என்று தோன்றுகிறது, உன்னோடு.

சமையலறைக்கு இறங்கும் படியில் நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். கீழ் ஐந்து படிகளில் நீ ஏறி இறங்கிக்கொண்டிருப்பாய். ஒரு நாள் ஒவ்வொன்றாக ஏறினாய், அப்புறம் இரண்டிரண்டாகத் தாவினாய், அப்புறம் கலந்து கலந்து. "அம்மா, இப்படி எத்தன மாதிரி ஏறலாம்?" என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. "ஆறு!" என்றாய். ஏறிக் காட்டினாய். "இல்ல, ஏழு!" என்றாய். "இல்ல, முப்பது!" என்றாய். முப்பது இல்லை என்று நிரூபிக்கத்தான் நான் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு எண்ண உட்கார்ந்தேன். எட்டு வந்தது. ஏன் எட்டு என்று பிறகு புரிந்தது. ஐந்தாம் படிக்குக் கடைசியாக வைத்த அடி ஒற்றை அடியாக இருந்தால், அதற்குமுன் நீ நான்காம் படியில் நின்றிருப்பாய். தாவல் என்றால் மூன்றாம் படியில். நான்காம் படிக்கு ஐந்து வழி, மூன்றாம் படிக்கு மூன்று வழி, இரண்டையும் கூட்டினால் எட்டு. நான் துள்ளிக் குதித்ததில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நீ அந்த முப்பதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அந்த எட்டு கிடைத்திருக்காது. அந்த வயதில் நீ தப்பு விடையை வாரி இறைத்தாய். ஒன்று போனால் அடுத்தது. எந்த வகுப்பில் அது நின்றது என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், எனக்குத் தெரியவில்லை. முதல் மார்க் வாங்கத் தொடங்கிய பிறகு நீ விடை உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கை தூக்கினாய். எல்லோரும் பாராட்டினார்கள், நானும்தான்.

இப்போது உன் ஆபீஸ் பதினோராம் மாடியில். காலையில் லிஃப்டுக்குக் கூட்டமாக இருக்கிறது, நடந்தால் சீக்கிரம் போகலாமா என்று நீ கேட்டாய். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் நின்று கதவு திறந்து மூடும் நேரத்தைப் பார்த்து வரச் சொல்லி, போனிலேயே இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். ஐந்தாம் மாடிக்காரன் நடந்தால் ஜெயிப்பான், பதினோராம் மாடிக்காரன் நடந்தால் ஜெயிப்பான் ஆனால் சட்டையை மாற்ற வேண்டியிருக்கும் என்று முடிவுக்கு வந்தோம். வாரத்தில் இரண்டு நாளாவது நட. லிஃப்டில் எல்லோரும் தலைக்கு மேலே ஓடும் எண்ணைப் பார்க்கிறார்கள். படியில் எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பேச வராத நம்மைப் போன்றவர்களுக்கு அது நல்ல பழக்கம், மூச்சு வாங்குவதே பேச்சைத் தொடங்கிவைக்கும்.

அந்தக் கணக்குப் போட்ட அன்றுதான் நீ அதையும் சொன்னாய். "மீட்டிங்ல நா வாயே தெறக்கறதில்லம்மா. தப்பாச் சொல்லிட்டா அவ்வளவுதான்" என்றாய். "யாரு கண்ணு என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "யாரும் ஒண்ணும் சொல்லல. அதுக்கு நா ஏதாவது சொல்லியிருக்கணுமே" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். வைத்த பிறகு அப்பாவிடம் சொன்னேன். "அப்படியே உன்னையாட்டத்தான்" என்றார். அவர் கேலியாகத்தான் சொன்னார், எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. முகம் அப்பாவைப் போல, உயரம் மாமாவைப் போல என்பார்கள். என்னிடமிருந்து உனக்கு வந்தது இதுதானா என்று இருந்தது.

நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று உனக்குச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். பாடம் மறந்துவிடும் என்ற பயம் இல்லை. எங்கள் ஆசிரியர் அறையில் ஒத்திகை பார்த்தேன். அதே கணக்கைக் கேட்டேன், முதல் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்கு ஒரு நிமிஷம், ஆறாம் மாடிக்கு எத்தனை? ஏழு பேர் இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு என்று எல்லோருக்கும் தோன்றியது, ஏதோ கொக்கி இருக்கிறது என்பதும் தோன்றியது. ஒருவர் ஜன்னலைப் பார்த்தார், ஒருவர் டிபன் டப்பாவைத் திறந்து மூடினார். சாந்தி டீச்சர் மட்டும், "நா தமிழ் டீச்சருங்க, என்னைய விட்டுருங்க" என்றார். நானே கேட்டு நானே விடையைச் சொல்லி உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் பாடம் முடிந்தது, செத்த பாடம். பிள்ளைகள் கத்திய அந்த "ரெண்டு!" இல்லாவிட்டால் யாரும் படியில் ஓடிப் பார்க்கப் போவதில்லை. ஏழு பேருக்கே இப்படி என்றால் நாற்பது பேர் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று பார். முதல் வரிசையில் அதிகாரி வேறு இருப்பார்.

சரி, கேட்டுவிடுகிறேன். அந்தச் சனிக்கிழமை நீ வா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் விடியும்போது மேட்டுப்பாளையம், அங்கே அப்பா வந்து நிற்பார். நடு வரிசையில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி உட்கார். என் மகன், இன்ஜினியர் என்று நானே சொல்லிவிடுகிறேன், ஒளிவுமறைவு வேண்டாம். நான் அந்தக் கணக்கைக் கேட்பேன். ஒருவரும் பேச மாட்டார்கள். நீ "ரெண்டு நிமிஷம்" என்று சொல். நடிக்க வேண்டாம், கண்ணைச் சிமிட்ட வேண்டாம், பிறகு எழுந்து எனக்குத் தெரியும் என்று விளக்கமும் சொல்ல வேண்டாம். தப்பு தப்பாகவே இருக்கட்டும். டீச்சர் மகனே தப்பாகச் சொல்லிவிட்டான் என்று அவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் பேசுவார்கள். பேச ஆரம்பித்துவிட்டால் எனக்குப் பயமில்லை, அவர்களை ஆறாம் மாடிவரை ஓட வைத்துவிடுவேன். நாற்பது பேர் முன்னால் ஒரு நிமிடம் உனக்கு முகம் சூடாக இருக்கும், எனக்குத் தெரியும். அந்த ஒரு நிமிடம் நானும் உனக்கு எதிரில் அதே மாதிரிதான் நின்றுகொண்டிருப்பேன்.

"அவன் முடியாதும்பான், என்னையக் கூப்புடு, எத்தன தப்பு வேணுமோ சொல்றேன்" என்கிறார் அப்பா. அவர் சொன்னால் யாருக்கும் தைரியம் வராது. நீதான் வேண்டும்.

நீ சரி என்றால் நானும் தலைமை ஆசிரியையிடம் சரி என்று சொல்லிவிடுகிறேன். வந்து தப்பாகச் சொல், கண்ணு. கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகச் சொல்.

உன் அம்மா